முனியாண்டி வளைவுக்கு ஏற்ற டயர்

எங்கள் காரின் டயர்கள் மொட்டையாகிக்கொண்டு வருவது மற்றவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தலைமுடி விஷயத்தில் எனக்கு இருந்த அனுபவம் அப்படி. முதலில் ஓரங்களில் தேயும். கண்டும் காணாத மாதிரி இருப்போம். பிறகு நடுவில் பளபளக்கும். வெளிச்சத்தின் கோளாறு என்போம். கடைசியில் ஊரே சொன்ன பிறகு "அப்படியா?" என்று கையால் தடவிப் பார்ப்போம்.

என் வீட்டில் ஊர் என்றால் அது என் மனைவிதான்.

"ஏங்க, டயரெல்லாம் வழுக்கையா இருக்கே."

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

"ஒங்க தலயும்தான் ஓடுது. அது நனஞ்சா சளி பிடிக்கும், அவ்வளவுதான். இது நனஞ்சா?"

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். தலவாக்கலையில் வீடு. எனக்கு அக்கரப்பத்தனையில் பாடசாலை. அவளுக்கு இன்னும் மேலே, டயகம பக்கத்துத் தோட்டப் பாடசாலை. காலையில் அவளை அங்கே இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி வந்து என் பாடசாலைக்குள் நுழைவேன். நான் கணக்கு வாத்தியார். கணக்கை விடச் சிரிப்பு மூட்டும் என் பகிடிகள்தான் பிள்ளைகளுக்கு நன்றாக ஏறுகின்றன என்பது பாடசாலை அதிபரின் நெடுநாள் குறை.

கார், கொழும்பில் யாரோ ஓர் இளைஞன் ஆசையாசையாக ஓட்டிய பழைய ஜப்பான் கார். தரையோடு தரையாக இருக்கும். அகலமான ரிம், அதற்கு அகலமான, உயரம் குறைந்த டயர். வாங்கி வந்த அன்று மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறணுமா, இல்ல எறங்கணுமா?" என்று கேட்டாள். இன்று வரை எனக்குப் பதில் தெரியாது. இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

டயர் மாற்றாமல் நாட்களைக் கடத்தியதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. காதல்.

ஒரு வீடியோவில் நான் ஒரு டயரைப் பார்த்துவிட்டேன். மிருதுவான ரப்பர். தோள்பட்டை இரண்டும் கட்டுமஸ்தாக இருக்கும். வெளிநாட்டு ஓட்டுநர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வட்டப் பாதையில் காரைச் சுழற்றுகிறார். கார் பசை போட்டு ஒட்டிய மாதிரி தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் மணிக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டர் வேகம் தாங்குமாம். எங்கள் பாதையில் முப்பத்தைந்தைத் தாண்டினால், தேயிலைக் கொழுந்து மூட்டையோடு வரும் டிராக்டர்காரர் நிறுத்தி, "யாருக்கு சேர் சொகமில்ல?" என்று விசாரிப்பார். ஆனால் காதலில் இதையெல்லாமா பார்ப்பார்கள்?

அந்த வீடியோவைக் காட்டியபோது மனைவியோ, "அதெல்லாம் வேணாம். நம்ம வேன்காரரு போடுறாரே கட்டியான டயரு, அது மாதிரி ஒண்ணப் போட்டா என்ன?" என்றாள். எனக்கு நெஞ்சு வலித்தது. அந்த ரிம்முக்கு அந்த மாதிரி டயர் வராது என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த ரிம்முக்கு வரக்கூடிய, மழைக்கென்றே செய்த வேறு டயர்கள் இருந்தன என்பதும் உண்மை. அதைச் சொல்லவில்லை. நான் நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

இப்போது முனியாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லிந்துலையைத் தாண்டி அக்கரப்பத்தனைக்கு ஏறும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. வளைவு தொடங்குகிற இடத்தில், மலைப் பக்கமாக ஒரு மரத்தடியில் சின்ன முனியாண்டி கோவில். கூரைத் தகரம், சூலம், சிவப்புத் துணி, உண்டியல். மறுபக்கம் தேயிலை மலை சரிந்து ஆற்றுக்கு இறங்குகிறது. அந்த வழியாகப் போகும் எவரும் சாமியைக் கும்பிடாமல் போவதில்லை. பஸ் டிரைவர் ஹோர்னை அடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டு நெஞ்சைத் தொடுவார். லொறிக்காரர் சில்லறையை எறிவார். அது உண்டியலில் விழுந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. முச்சக்கர வண்டிக்காரர் ஆசனத்திலிருந்து அரையடி எழும்பி உட்காருவார். பயணிகள் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். அங்கே வரும்போது பஸ்ஸுக்குள் அரட்டை நின்று, வளைவு முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடரும்.

நான் இரண்டு கையாலும் கும்பிடுவேன். "ஒத்தக் கையால கும்பிட்டா பொலிஸ்காரனுக்கு சலாம் போடுற மாதிரி இருக்கும்டா" என்று சின்ன வயதில் அம்மா சொல்லி வளர்த்தது. அப்போது எங்களிடம் கார் இல்லை. கார் வந்த பிறகு அந்தப் போதனையை யாரும் திருத்தவில்லை. கோவிலுக்கு முன்னால் பாதை சற்று நேராக இருக்கும். அந்த நேர்ப் பாதை முடிவதற்குள் ஸ்டியரிங்கை விட்டுக் கை குவித்து, மறுபடி பிடித்துக்கொண்டால் வளைவு வந்து சேரும். ஆண்டாண்டு காலமாக இதைச் செய்திருக்கிறேன். மனைவிக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

அந்தக் காலை நல்ல மழை. மூடுபனி கண்ணாடியோடு கண்ணாடியாக நின்றது. கோவில் வந்தது. மனைவி கண்ணை மூடினாள். நான் ஸ்டியரிங்கை விட்டுக் கை குவித்தேன். வழக்கமாக "காப்பாத்து சாமி" என்பதோடு முடித்துக்கொள்கிறவன், அன்றைக்கு ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்தேன்.

"சாமி, அந்த டயரு எனக்கு எப்பிடியாவது கெடைக்கணும்."

இவ்வளவுதான். விண்ணப்பத்தின் நீளத்துக்குப் பாதையில் இடம் போதவில்லை. கண்ணைத் திறந்தால் வளைவு என் மடியில் இருக்கிறது. அடித்துப் பிடித்துத் திருப்பினேன், பிரேக்கையும் மிதித்தேன். கார் நான் சொன்ன பக்கம் போகாமல், பின்புறத்தை ஆட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு நழுவியது. அந்த நேரத்தில் ஒரு வீரன் என்ன செய்வானோ தெரியாது. நான் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் விசையை இழுத்துவிட்டேன். அடைமழையில், சாகப் போகிற நேரத்தில், என் கார் தன் முகத்தைக் கழுவிக்கொண்டது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சாமி பெயர் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது எந்த மொழியிலும் இல்லாத சொல்.

ஆற்றுப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் போனது எங்கள் புண்ணியம். இடது முன்சில்லு பாதையோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, கார் சாய்ந்து நின்றது. என் மனைவி கைப்பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்றாள்.

நான் சொன்னேன்: "டயரு."

ஒரே சொல். யோசித்துச் சொன்னதில்லை. பிள்ளைகள் பூச்சாடியை உடைத்துவிட்டு "பூனை" என்பார்களே, அந்த வேகத்தில் வந்தது. அதற்குள் பின்னால் வந்த மரக்கறி லொறி நின்று நான்கு பேர் குதித்தார்கள். காரைத் தூக்கிப் பாதையில் வைத்துவிட்டு, லொறி டிரைவர் குனிந்து பார்த்தார்.

"மொட்ட டயரு சேர். இத வச்சிக்கிட்டு மழையில வரலாமா? டீச்சரும் கூட இருக்காங்க."

"அதானே" என்று நான் டயரை முறைத்தேன். அது பாவம், வாயில்லாத ஜீவன்.

அடுத்த நாள் காலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி குடையோடு வாசலில் நின்றாள்.

"நான் பஸ்ல போறேன். நீங்க டயர மாத்துங்க. அதுக்கப்பறம் ஏறுறேன்."

"மெதுவா ஓட்டுறேன்."

"நேத்தும் மெதுவாத்தான் ஓட்டுனீங்க." குரலில் குற்றச்சாட்டே இல்லை. அது இருந்திருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். "கண்ண மூடுனா அந்தச் சறுக்கல்தான் வருது. இருக்கிறதுலயே நல்ல டயரா போடுங்க. நீங்க அப்பவே ஒரு டயரு சொன்னீங்களே, அத வேணும்னாலும் போடுங்க. நான்தான் வேணாம்னு தடுத்துட்டேன்."

பாருங்கள், முனியாண்டி எவ்வளவு சுறுசுறுப்பான சாமி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மறுநாளே அனுமதி வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து தந்தவள் என் மனைவி. அதற்காக அவள் கொடுத்தது அவளுடைய நிம்மதி. நான் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை.

அவளுக்கு முழங்கால் வலி உண்டு. பஸ்ஸில் தோட்டத்துப் பிள்ளைகளும், சந்தைக்குப் போகிறவர்களும், மரக்கறிக் கூடைகளும் நெருக்கிக்கொண்டு போகும். பாதி வழி நின்றுகொண்டுதான் போக வேண்டும். மாலையில் சேலையின் கரையில் சேற்றோடு வருவாள். வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பாள். நானோ காரில் தனியாக, காலில் காய்ந்த சப்பாத்தோடு போய் இறங்குவேன். அந்த வளைவில் இப்போது நான் கும்பிடுவதே இல்லை. தலையைத் திருப்பிக்கொள்வேன், கடன் கொடுத்தவரின் கடையைக் கடக்கிற மாதிரி.

கணக்கு வாத்தியார் அல்லவா, குற்றத்தைப் பங்கு பிரிக்க முயன்றேன். டயருக்கு எழுபது வீதம், மழைக்கு இருபது, எனக்குப் பத்து. காலையில் குளிக்கும்போது இந்தக் கணக்கு சரியாக வந்தது. மாலையில் தைலம் மணக்கும்போது மழை தன் பங்கை ஏற்க மறுத்துவிடும். டயரும் ஐம்பதுக்கு மேல் தர மாட்டேன் என்று நிற்கும். டயர் தேய்ந்திருந்தது என்பது பொய்யில்லை; அதுதான் என்னை வதைத்தது. முழுப் பொய் என்றால் ஒருநாள் சொல்லித் தொலைக்கலாம். இது பாதி உண்மை. அதன் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ள இடம் இருந்தது.

மனம் குறுகுறுத்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டயர் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளினேன். டயரின் பக்கவாட்டில் பொறித்த எழுத்துகளை ராசிக்கட்டம் வாசிக்கிற மாதிரி வாசிக்கப் பழகினேன். எந்த வாரம் பிறந்தது, எவ்வளவு சூடு தாங்கும், ஈரத்தில் எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு காலம் உழைக்கும். மிருதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். அகலமான டயர் காய்ந்த பாதையில் ராஜா. தேங்கிய தண்ணீரில், பள்ளங்கள் ஆழமாக இல்லாவிட்டால், படகு. என் காதலிக்குப் பள்ளங்கள் குறைவு. காய்ந்த பாதைக்குப் பிறந்தவள். அது மட்டுமா, குளிர்ந்த காலையில் அவள் ரப்பர் சூடேறும் வரை விறைத்துக்கொண்டு இருப்பாளாம். எங்கள் பக்கம் காய்ந்த, சூடான பாதை என்றால் கலியாண வீட்டுக் கம்பளம் மட்டும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"என்ன மாஸ்டர், உந்த டயரைப் போட்டுக்கொண்டு எங்கை பறக்கப் போறீர்?"

"டீச்சருக்காகத்தான் சேர். அவங்க பயந்துபோயிட்டாங்க."

"நல்ல மனுசனப்பா நீர்" என்று அவர் என் முதுகில் தட்டினார். அதை என் மனைவியிடமும் எங்கோ கண்டபோது சொல்லியிருக்கிறார். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு முட்டை அதிகம். இறங்கவே இல்லை.

ஹட்டன் கடைகளில் எங்கள் அளவு இருக்கவில்லை. கினிகத்தேனையில், கொழும்பு வாகனங்கள் நிற்கிற ஒரு கடையில் கிடைக்கும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். நான் காரில், அவள் பஸ்ஸில். ஒரே வீட்டிலிருந்து ஒரே கடைக்கு இரண்டு வாகனங்களில் போன தம்பதி நாங்களாகத்தான் இருப்போம். வாசலில் பூட்டைப் போட்டுவிட்டு, "பாத்துப் போங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

கடையை நடத்துவது ஒரு சிங்கள அம்மா. கம்பளிச் சட்டைக்கு மேல் காசுப் பையைக் குறுக்காக மாட்டியிருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். மழையில் கார் சறுக்கியதைச் சொன்னதும், மூன்று வகை டயரை எடுத்து வரிசையாகச் சாய்த்து வைக்கச் சொன்னார். முதலாவது என் காதலி. நேரில் இன்னும் அழகு; புது ரப்பர் வாசம். இரண்டாவது, அம்பு முனை போல வெட்டிய ஆழமான பள்ளங்களோடு, ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட மழைக்காரன். மூன்றாவது, தேயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கெட்டி ரகம்.

நான் முதலாவதின் தோளில் கை போட்டு நின்றேன். மனைவி குடையை மடக்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். பஸ்காரன் தரிப்பைத் தாண்டி இறக்கிவிட்டிருக்கிறான்.

"எதுங்க நல்லது?"

"இதுதான்" என்றேன். "பிடிச்சா விடாது."

கடைக்கார அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். "அது நல்ல டயர்தான். ஆனா எந்த டயர்னு சொல்ல முன்ன நான் எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்குறது. சறுக்கினது எண்டு சொன்னீங்கதானே, எப்படி சறுக்கினது? நேரா போற நேரம் பிரேக் அடிச்சா? வளைவுல திருப்புற நேரமா? தண்ணி நின்ன இடத்திலயா? ஒவ்வொண்ணுக்கும் டயர் வேற."

நியாயமான கேள்வி. வைத்தியர் எங்கே வலிக்கிறது என்று கேட்பதைப் போல. ஆனால் எனக்கு வியர்த்தது. கினிகத்தேனையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மனைவி முந்திக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுங்க மிஸ், நான் சாமி கும்பிட்டுக்கிட்டு கண்ண மூடியிருந்தேன். ஆனா இவரு மேல பெழ இல்ல. இவரு நல்லா ஓட்டுவாரு. டயருதான் ஏமாத்திருச்சு. ஏங்க, சொல்லுங்க, நீங்கதானே பாத்தீங்க?"

நான்தான் பார்த்தேன். நானும் கண்ணை மூடியிருந்தேன் என்பதைத் தவிர.

"பிரேக்தான்" என்றேன். "பிரேக் புடிச்சேன், நிக்கல."

"ஹரி, சரி. நேரா போறப்பவா?"

"இல்ல, வளைவுல."

"அப்ப திருப்புற நேரம் பிரேக் போட்டீங்க. அப்படி செய்யக் கூடாதுதானே சேர்."

"இல்லல்ல, பிரேக்கு அப்பறமாத்தான் புடிச்சேன். முதல்ல தண்ணி. தண்ணி நின்னுச்சு. அதுல ஏறி மெதந்திருச்சு."

"ஏத்தத்துலயா தண்ணி நின்னுச்சு?" என்றாள் மனைவி.

"ஆ... ஓடுச்சு. நிக்கல. ஓடுற தண்ணி."

கடைக்கார அம்மா காசுப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "அநே சேர், அப்ப மூணு தடவ சறுக்கினதா?"

டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு அது பழக்கம். மனைவி சிரிக்கவில்லை. அவள் முகத்தில் சந்தேகம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். பயத்தில் புருஷனுக்கு எல்லாம் குழம்பிவிட்டது, பாவம் என்று. சேலைக் கரையில் பஸ் சேறு. எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றினாள்.

இந்தக் காலுக்கு நான் டயர் தெரிவு செய்கிறேன். பொய்யான நோயைச் சொல்லி மருந்து வாங்குகிறேன். அந்த மருந்தை நம்பி அவள் ஏறி உட்காரப் போகிறாள், கண்ணையும் மூடிக்கொண்டு.

"கைய எடுத்துட்டேன்" என்றேன்.

"என்ன சேர்?"

"ஸ்டியரிங்ல இருந்து. ரெண்டு கையையும். சாமி கும்பிட்டேன்."

கடைக்கார அம்மா யோசித்தார். அடுக்கி வைத்திருந்த டயர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"அதுக்கு நம்மகிட்ட டயர் இல்ல சேர்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"நான் பக்கத்துல இருக்கப்பவா?"

"நீ கண்ண மூடிருவ."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்குப் புரிந்தது.

"தெனமும் கும்பிட்டு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு மட்டும் என்ன? அவ்வளவு நேரமா கும்பிட்டீங்க?" அவளும் ஆசிரியைதான், கேள்வியின் கொழுந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். "அப்படி என்னத்த கேட்டீங்க சாமிகிட்ட?"

பதிலை என் கை சொன்னது. அது இன்னும் முதலாவது டயரின் தோளில்தான் கிடந்தது. நான் அதை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினேன்.

மனைவி டயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டயரைப் பார்த்தாள். வீட்டுக்கு ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பாள் போல.

"மிஸ்," என்றாள் கடைக்கார அம்மாவிடம், "பாத முழுக்க வளைவு. பாதி வருஷம் மழ. காலையில நல்ல குளிரு. அங்கங்க பள்ளம். இதுல எது?"

கடைக்கார அம்மா அம்புக்குறி போட்ட மழைக்காரனைத் தொட்டார்.

"அதையே போட்டுருங்க. நாலும்."

அதுவும் வேக ஓட்டத்துக்கான டயர்தான் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். தெரிவு செய்யும் உரிமையை நான் எங்கே தொலைத்தேன் என்று எனக்குத் தெரியும். என் காதலியை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சில்லுகளை மாட்டி, காற்றுப் பார்த்து, எல்லாம் முடிந்ததும் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி குடையை விரித்தாள்.

"டயரு மாத்துனா ஏறுறேன்னுதானே சொன்ன?"

"டயருதான் சறுக்குச்சுன்னு நெனச்சு சொன்னேன்."

ஹட்டன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவள் பேசாமல் இருக்கவில்லை. அப்படி இருந்தால் தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாம். உப்புப் போதுமா என்று கேட்டாள், துணி காயவில்லை என்றாள், எல்லாம் வழமை போல. காரைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நான் இரண்டு பகிடி விட்டேன். இரண்டும் கானுக்குள் இறங்கின.

திங்கட்கிழமை காலை அவள் குடையோடு புறப்பட்டபோது நானும் சாவியை எடுத்தேன். அவள் பஸ்ஸில் ஏறினாள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் காரை விட்டேன். முந்திப் போயிருக்கலாம், பாடசாலைக்கு நேரத்தோடு சேர்ந்திருக்கலாம். அந்த வெற்று ஆசனத்தோடு அவளைத் தாண்டிப் போக முடியவில்லை. புத்தம் புதிய டயர்களைப் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற தரிப்பிலெல்லாம் நின்று, பஸ் கக்கிய புகையைக் குடித்துக்கொண்டு போனேன். லிந்துலையில் கூட்டம் இறங்கியதும் அவளுக்குக் கடைசி ஆசனத்தில் இடம் கிடைத்தது. பின்கண்ணாடி வழியே அவளுடைய கொண்டை தெரிந்தது. ஒரு தரிப்பில் பஸ் நின்றபோது கண்டக்டர் பின்கதவால் தலையை நீட்டி, "சேர், டிக்கட் எடுக்கணும்" என்று கத்தினார்.

மழை விழத் தொடங்கியது. ஏற்றம் வந்தது. பஸ் ஹோர்ன் அடித்தது. எதிரே மரத்தடியில் சிவப்புத் துணி தெரிந்தது.

பஸ்ஸுக்குள் எல்லாத் தலைகளும் குனிந்தன. ஒரு தலை மட்டும் திரும்பியது. அவள் சேலைத் தலைப்பால் பின்கண்ணாடியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னை இல்லை; என் கைகளை. நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். பிடி என்றால், மாடு இழுக்கிற கயிற்றைப் பிடிக்கிற பிடி. நகம் வெளுத்துவிட்டது. மூக்கு அரித்தது; விட்டுவிட்டேன். "மன்னிச்சிரு சாமி, கையில வேல இருக்கு" என்று வாய்க்குள் சொன்னேன். கார் வளைவில் பஸ்ஸின் பின்னால் தண்டவாளத்தில் போகிற மாதிரித் திரும்பியது. மழைக்காரன் நல்லவன்தான். ஆனால் அதைக் கவனிக்க எனக்கு அப்போது மனம் இருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வளைவிலும். அதற்கு அடுத்ததிலும்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அருகே பஸ் நின்றது. ஒரு குடை இறங்கியது. பஸ் போய்விட்டது. குடை பாதையில் நின்று, முழங்காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி, என் பக்கம் நடந்து வந்தது. நான் இறங்கிக் கதவைத் திறக்கலாமா என்று யோசித்தேன். கையை எடுத்தால் பிழையாகிவிடுமோ என்று அப்படியே இருந்தேன். கார் நின்றுகொண்டிருந்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவள் ஏறி, குடையைக் காலடியில் வைத்து, கதவைச் சாத்தினாள்.

"கை வலிக்கலையா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும். போங்க."

அதிலிருந்து என்னோடுதான் வருகிறாள். ஆரம்பத்தில் அந்த வளைவு வரும்போது அவள் கண்ணை மூடவில்லை. கையைக் குவித்துக்கொண்டு, தலையைச் சாமி பக்கம் லேசாகச் சாய்த்து, பார்வையை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்திருப்பாள். அது எனக்கு விரல்களில் தெரியும். எத்தனையோ வருடங்களாக அந்தச் சின்ன நேரம் அவளுக்கும் முனியாண்டிக்கும் மட்டும் உரியதாக இருந்தது. அவள் என்ன கேட்பாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதைக் கெடுத்தவன் நான். அதற்கும் அந்தக் கடையில் டயர் இருக்காது.

இப்போதெல்லாம் அந்த இடத்தில் என் விரல்களில் அவள் பார்வை உறைப்பதில்லை. மறுபடி கண்ணை மூடத் தொடங்கிவிட்டாளோ என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் நான் பாதையிலிருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்ப வேண்டும்.